முழு சீரியலும் ஒரே டிவிடியில்

எங்கள் குடும்பத்தில் யாராவது ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி மூட மறுத்தால் உடனே அமுக்கு சித்திக்கு ஆள் போகும். வருவாள். நாம் பார்த்துப் பார்த்து மடித்து வைத்ததையெல்லாம் வெளியே அள்ளிப் போடுவாள். "யாரு அடுக்குனது இத? கோழி கிளறுன மாதிரி இருக்கு" என்று ஒரு திட்டு விழும். பிறகு சட்டைகளைச் சுருட்டி, காலுறைகளை ஷூவுக்குள் திணித்து, சந்து பொந்தையெல்லாம் நிரப்பி, கடைசியில் பெட்டியின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ம், இப்பப் பூட்டு" என்பாள். பெட்டி பூட்டிக்கொள்ளும்.

அவள் என் அம்மாவின் தங்கை. சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை. நாள் முழுக்க நீள மேசைக்கு முன்னால் நின்று, சட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. அவள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறப்பவர்கள் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது, ஏதாவது ஒரு டப்பா நிச்சயம் விழும். அமுக்கு என்று பெயர் வைத்தது நான்தான். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், கம்பெனியில் போய் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பார். ரொம்ப காலம் என்ஜின் அறையில் இருந்தவரை, காது மந்தமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். மனுஷன் தங்கம். ஆனால் வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. "எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே முணுமுணுக்குறீங்க" என்பார். கம்பெனி கொடுத்த காது மெஷினை உறைகூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். அவரிடம் போய்க் காதைப் பற்றி யாரும் பேச முடியாது, சித்தி உட்பட.

ஒரு நாள் மதியம் சித்தி என் கடைக்கு வந்தாள். எனக்கு ஜெராக்ஸ் கடை. இரண்டு கம்ப்யூட்டரும், ஓடினால் பக்கத்துக் கடைச் சுவர் வரை அதிர்கிற ஒரு ஜெராக்ஸ் மெஷினும்தான் என் ராஜ்ஜியம். கல்யாண வீடியோவை டிவிடியில் ஏற்றித் தருகிற வேலையும் உண்டு. சித்தி ஒரு துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். டிவிடியாகக் கொட்டியது.

"இதெல்லாம் சேத்து ஒரே டிவிடில போட்டுக் குடு, உங்க சித்தப்பா கப்பல்ல பாக்குறதுக்கு."

"எதெல்லாம்?"

"எல்லாந்தான்."

அது வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த பழைய சீரியல். ஒரு வீடு, ஒரு மாமியார், மூன்று மருமகள்கள், சொத்துச் சண்டை. பேக்கிங் பிரிவில் சித்திக்குப் பக்கத்து மேசையில் நிற்கும் அம்மா, ஒரு வாரம்கூட விடாமல் டிவியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்தாராம். ஒரு டிவிடிக்கு இரண்டு மூன்று எபிசோட்.

"சித்தி, இது பெட்டி இல்ல, மேல ஏறி உக்காந்து மூடுறதுக்கு" என்றேன். "இருக்குற இடத்துக்குத்தான் படம் போகும். நெறைய திணிச்சா படம் கெட்டுப் போகும். மூணு நாலு டிவிடியாப் போட்டுத் தர்றேன், மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கச் சொல்லு."

"மாத்த முடியாதுடி. கப்பல்ல அவர் ரூம்ல இருக்குற டிவி ஒரு தடவ டிவிடிய முழுங்கிட்டா திரும்பத் துப்பாது."

அது உண்மைதான். சித்தப்பாவின் படுக்கைக்கு எதிரில் ஒரு சின்ன டிவி இருக்கிறது, டிவிடி போடும் வாய் அதன் வயிற்றிலேயே. போன முறை உள்ளே போன டிவிடியை, கப்பல் கரைக்கு வந்த பிறகு ஒரு மெக்கானிக் வந்து டிவியையே பிரித்துத்தான் எடுத்தார். வேறு வாங்கலாமே என்றால், "நல்லா ஓடுற மெஷின எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பார். காதுக்குச் சொல்கிற அதே நியாயம். இரண்டு மடங்கு கொள்ளுகிற இரண்டு அடுக்கு டிவிடி போட்டால் அந்தக் கிழட்டு டிவி படிக்காது. பென் டிரைவ் செருக அதில் ஓட்டையே கிடையாது. ஆக, ஒரே டிவிடி. போகும்போது போட்டால் வரும்வரை அதுதான்.

மண்டை காய்ந்தது எனக்கு. ஆனாலும் சித்தி ஒற்றைக் காலில் நின்றாள். சரி, ஒழியட்டும் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, இருக்கிற இடத்தை எல்லா எபிசோடுக்கும் சமமாகப் பங்கு போட்டு ஓடவிட்டேன். அடுத்த நாள் வந்து பார்த்தாள். திரையில் மாமியார் பேசிக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்து, குளியலறைத் தரை மாதிரி இருந்தது.

"என்னடி இது? இவ அழுவுறாளா, சிரிக்கிறாளா?"

"அதான் சொன்னேனே. அமுக்குனா இப்பிடித்தான். ஆனா சத்தத்தக் கேளு, கண்ணாடி மாதிரி இருக்கு. சீரியலுக்கு வசனந்தானே சித்தி முக்கியம்? கிச்சன்ல இருந்தே பாதிப் பேரு சீரியல் பாக்குறாங்க."

சித்தி என்ன செய்தாள் தெரியுமா? என் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கி, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள். திரைக்கு முன்னால் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு மாமியாரின் வாயையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது அவள் முகம் சுருங்கியிருந்தது.

"ஒண்ணும் புரியல" என்றாள்.

"சத்தத்த நிப்பாட்டிட்டுப் பாத்தா எப்பிடிப் புரியும்?"

"அவரு அப்பிடித்தானேடி பாக்கணும்."

கடையில் ஆள் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல்முறையாக அதைப் பற்றி வாயைத் திறந்தாள். போன முறை சித்தப்பா கடலுக்குப் போனபோது, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாராம். அவள் வீட்டுக் குழாய் உடைந்ததைச் சொல்வாள், அக்காவுக்கு உடம்பு சரியில்லாததைச் சொல்வாள். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமா ஆமா" என்பார். "எனக்குக் காய்ச்சல்" என்று சொன்னபோதும், "ஆமா ஆமா, நல்லது" என்றாராம். நேரில் என்றால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போனில் வாய் எங்கே இருக்கிறது? அப்புறம் அவரே, "சரி, வச்சிரவா?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. கடைசி மாசங்களில் போனே இல்லை.

"சிக்னல் கெடைக்கலன்னு பொய் சொன்னாரு. அவருக்கு வெக்கம்டி. கேக்கலன்னு ஒத்துக்க வாய் வராது. ஆனா ஒரே ஒரு தடவ நல்லாப் பேசுனோம். அவரு போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்து ஒரு படம் பாத்தோம். அந்தப் படத்தப் பத்திப் பேச்சு வந்ததும் டாண் டாண்ணு பதில் சொன்னாரு. நான் என்ன சொல்லப் போறேன்னு அவருக்கே தெரியும்ல? பாதி கேட்டாலே போதும், மீதிய அவரே சேத்துக்குவாரு."

அதுதான் திட்டம். சித்தப்பாவிடம் ஒரு டிவிடி, வீட்டில் இவளிடம் அதே சீரியல். வாரம் ஒரு எபிசோட், அங்கேயும் இங்கேயும். ஞாயிற்றுக்கிழமை போனில் அதைப் பற்றி மட்டும் பேச்சு. அவர் கரைக்கு வரும்வரை கதை தீரக் கூடாது, அதனால்தான் எல்லா எபிசோடும் வேண்டும். அவர் வாயைப் பார்த்துக் கதையைப் புரிந்துகொள்ள வேண்டும், அதனால்தான் முகம் கெடக் கூடாது.

"இந்தத் தடவையும் போன் நின்னு போச்சுன்னா, எனக்குத் தாங்காதுடி" என்றாள் சித்தி. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். சத்தத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆனது. சின்ன டிவிதானே என்று படத்தின் அளவைக் குறைத்தேன், அதில் நிறைய இடம் மிஞ்சியது. அப்புறம் வெட்டும் வேலை. அதில் சித்தி ராணி. வேலை முடிந்து சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வருகிற வாடிக்கையாளர்களுக்கும் கதை சொல்லிக்கொண்டே வெட்டுவாள்.

"ஆரம்பப் பாட்டு எதுக்கு? தூக்கு. போன வாரம் நடந்தது எதுக்கு? அவருக்கு ஞாபகசக்தி நல்லாத்தான் இருக்கு, தூக்கு. இந்தா பாரு, மாமியார் அதிர்ச்சியாவுறா. ஒரு தடவ, ரெண்டு தடவ, மூணு தடவ. ஒரு தடவ ஆனாப் போதாதா? மீதிய வெட்டு. இவன் எதுக்குடி கார் ஓட்டிக்கிட்டே இருக்கான்? பெட்ரோல் தீந்துறப் போவுது, நிப்பாட்டு."

வெட்டியது போக மீதியையும் சமமாகப் பங்கு போடவில்லை. கடைத்தெரு, வீட்டு வாசல், தூரத்தில் ஆள் நடந்து போவது, இதற்கெல்லாம் கொஞ்சமாக இடம் கொடுத்தேன், மங்கினால் மங்கட்டும். முகம் கிட்டத்தில் வந்து வாய் அசைகிற இடங்களுக்கு அள்ளிக் கொடுத்தேன். அதிலும் சித்தி பாரபட்சம் பார்த்தாள். நடு மருமகள் பொய்யாகக் கொட்டுகிறவள். அவளைச் சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போகும் என்பது சித்தியின் கணக்கு. அவள் வருகிற இடமெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். "அவளுக்கு இன்னும் கொஞ்சம் போடு. மூத்தவகிட்ட எடுத்துக்க, அவ மூஞ்சிய யாரு பாக்குறா" என்பாள்.

நடுவில் ஒரு எபிசோட் முக்கால்வாசி வக்கீல் ஆபீஸில் நடந்தது. வக்கீலுக்கு வாயையே மூடுகிற மீசை. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் மீசை மட்டும் ஆடியது.

"இந்த மீசைக்குள்ள என்ன பேசுறான்னு அவருக்கு ஒரு மண்ணும் புரியாது. மொத்தத்தையும் தூக்கு" என்றாள். தூக்கினேன். அந்த இடத்தை அப்படியே நடு மருமகளுக்குக் கொடுத்தோம். டிவிடி நிரம்பி வழியாமல் மூடிக்கொண்டது. சித்தி தனக்கென்று வெட்டாத பழைய டிவிடிகளையே வைத்துக்கொண்டாள். "எனக்கு எதுக்குடி அமுக்குனது? நான் முழுசா பாக்குறேன்."

சித்தப்பா கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்கள் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம். சித்தி ரிமோட்டை எடுத்து, சித்தப்பா பார்க்காத மாதிரி சத்தத்தை முழுசாக நிறுத்தினாள். சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். திரையில் நடு மருமகள் மாமியாரிடம் ஏதோ சொல்ல, அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பாரு பாரு, சாவி தன்கிட்ட இல்லன்னு எப்பிடிப் புளுகுறா பாரு! கில்லாடிடா இவ!"

அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சித்தியைப் பார்த்தேன். அவள் ஒன்றும் நடக்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா திரும்பி, "ஏம்மா, சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வையேன், மண்டைய இடிக்குது" என்றார்.

"சரிங்க" என்று சித்தி ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். அவர், "ம், இப்பத் தேவல" என்றார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவர் போனார். சித்தி வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது, அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனும் கையுமாக என் கடைக்கு வந்துவிடுவாள். போன் வந்தது. அடுத்த வாரமும் வந்தது. சித்தப்பா பேசினால் ஸ்பீக்கர் போடவே வேண்டாம், தெருவுக்கே கேட்கும். கேட்காதவர்கள் அப்படித்தான் கத்துவார்கள்.

"என்னங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன் பாத்தேன்! அந்தக் கடைசி மருமக புருஷன் ஒரு மண்ணாந்தையா இருக்கானே!"

"அவன் அம்மா பேச்சக் கேட்டு ஆடுறான்."

"அம்மா பேச்சக் கேக்குறான்ல, அதான் அவன் உருப்பட மாட்டான்!"

இப்படியே போகும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வேலை முடிந்த பிறகும் நின்று கேட்பார்கள். அதுவரை ஒருநாளும் அவர்கள் இருவரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருக்கும்போது சண்டை போடக்கூட நேரமில்லாதவர்கள், ஊரான் வீட்டுச் சொத்துக்காகக் கடல் தாண்டிச் சண்டை போட்டார்கள். சித்தி போனை வைத்துவிட்டுப் போகும்போது அவள் நடையே வேறாக இருக்கும். வாரங்கள் மாசங்கள் ஆயின. ஒரு ஞாயிறுகூட அவர் தவறவில்லை.

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது. கடையில் நல்ல கூட்டம், ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி வாரம். சித்தி உற்சாகமாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, மாமியார் கொறட்ட விட்டாளே, பாத்தீங்களா? அந்த வக்கீல் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கான், இவ வாயத் தெறந்துக்கிட்டுத் தூங்குறா! எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுருச்சு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வக்கீல்! அந்த மீசைக்காரனைத்தான் முழுசாகத் தூக்கிவிட்டோமே! இவள் வீட்டில் வெட்டாத டிவிடியைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறாள். அவரிடம் அந்த இடமே இல்லை. நான் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன். அவளுக்குப் புரியவில்லை.

போனில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு சித்தப்பா, "ஆமா ஆமா" என்றார்.

சித்தியின் முகம் செத்துவிட்டது. இப்போது அவளுக்கும் புரிந்துவிட்டது. "இல்லங்க, அது... மாமியாரு... சாவி... அந்த நடு மருமக இருக்காள்ல..." என்று தடுமாறினாள். எந்த இடத்தைப் பிடிப்பது, எது அவரிடம் இருக்கிறது, எது இல்லை என்று அவளுக்கே குழம்பிவிட்டது.

"ஆமா ஆமா, நல்லது" என்றார் அவர். அந்தப் பெரிய குரல் சின்னதாகியிருந்தது. "சரி, வச்சிரவா?"

"வைக்காதீங்க!" என்றாள் சித்தி. சுற்றிலும் ஆட்கள் நிற்பதையெல்லாம் அவள் மறந்துவிட்டாள். சீரியலையும் மறந்துவிட்டாள். "வைக்காதீங்க. நீங்க இல்லாத வீட்டுல எனக்கு இருக்கவே பிடிக்கல."

போன் அமைதியாக இருந்தது. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். சித்தியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள்.

"இது டிவிடில இல்லையே" என்றது சித்தப்பாவின் குரல்.

சித்தி போனை மறுபடி காதில் வைத்தாள்.

"என்ன சொன்ன? இங்க பாரு, எனக்குக் காது கேக்க மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே கேக்க மாட்டேங்குது. நீ இப்பச் சொன்னது என்னன்னு எனக்குத் தெரியணும். சத்தமாச் சொல்லு."

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், கடையில் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"நீங்க இல்லாத வீட்டுல எனக்கு இருக்கவே பிடிக்கலங்க!"

எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாதிதான் கேட்டுச்சு" என்றார் சித்தப்பா. "இன்னொரு தடவ சொல்லு."

நான் ஓடிப்போய் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினேன். சித்தி இன்னொரு தடவை சொன்னாள்.